பச்சை நெருப்பைத் தேடிச் சென்ற படம்

ஓவியரைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவருக்குத் திரையில் காட்ட ஓவியங்கள் இருக்கின்றன. பாடகரைப் பற்றி எடுப்பவருக்கு ஒலிக்கவிடக் குரல் இருக்கிறது. எழுத்தாளரைப் பற்றி எடுக்க முனைபவருக்கோ தாளில் அச்சேறிய வரிகளைத் தவிர வேறு மூலப்பொருள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அந்த எழுத்தாளர் இயற்கையை எழுதியவராக இருந்துவிட்டால் வேலை எளிது என்று முதற்பார்வைக்குத் தோன்றும். காடும் கடலும் பறவையும் படக்கருவிக்கு அலுக்காத காட்சிகள் என்பதால், அவற்றை வரிசையாக அடுக்கி, நூலின் பகுதிகளை ஒரு நல்ல குரலில் வாசிக்கச் செய்தால் படம் முடிந்துவிடும் என்று நினைப்பதும் இயல்பே. ஆனால் அவ்வாறு எடுக்கப்படும் படத்தில் காட்சியின் அழகு எழுத்தின் கூர்மையை விழுங்கிவிடுகிறது. பார்வையாளர் ஒரு பொன்மாலைப் பொழுதை மனத்தில் ஏந்திக்கொண்டு அரங்கை விட்டு வெளியேறுகிறாரே தவிர, எழுத்தாளர் அந்தப் பொழுதை எதற்காக எழுதினார் என்பது அவரிடம் தங்குவதில்லை.

இயற்கை எழுத்து என்பது இயற்கையை வருணிப்பதோடு நின்றுவிடும் எழுத்து அன்று. நேரில் கண்ட நுண்விவரங்களை அறிவியல் அறிவோடு இணைத்து, மனிதருக்கும் அவர் வாழும் நிலத்துக்கும் இடையிலுள்ள உறவைக் கேள்விக்கு உட்படுத்தும் உரைநடை வகை அது. ஆகவே அத்தகைய எழுத்தாளர் விட்டுச்செல்லும் சொத்து இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒன்று, நூலகத்தில் உள்ள புத்தகம், மற்றொன்று, அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களின் கைபட்டு மாறிய, அல்லது மாறாமல் காக்கப்பட்ட நிலம். எழுத்தாளரின் பிறப்பு, படிப்பு, பணி, மறைவு என்று வாழ்க்கையை மட்டும் தொடரும் படம் இந்த இரண்டாவது இடத்தை எட்டுவதே இல்லை. 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் இரு பெரும் இயற்கை எழுத்தாளர்களான ரேச்சல் கார்சன், ஆல்டோ லியோபோல்ட் ஆகியோரைப் பற்றி வெவ்வேறு காலங்களில் எடுக்கப்பட்ட படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், படக்கருவி புத்தகத்திலிருந்து முகத்துக்கும், முகத்திலிருந்து நிலத்துக்கும் நகர்ந்த பாதை தெளிவாகப் புலப்படும்.

கைநழுவிப்போன கடல்

ரேச்சல் கார்சன் 1907-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் ஊரில் பிறந்தவர், விலங்கியல் படித்தவர், அமெரிக்க அரசின் மீன்வளத் துறையில் சேர்ந்து, அதன் வெளியீடுகளுக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக உயர்ந்தவர். 1951-இல் வெளிவந்த ‘தி சீ அரௌண்ட் அஸ்’ என்னும் அவருடைய நூல், கடலின் தோற்றம், நீரோட்டங்கள், ஆழ்கடல் உயிர்கள் ஆகியவற்றைப் பொது வாசகருக்குச் சொன்னது. ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் அதிக விற்பனைப் பட்டியலில் 86 வாரங்கள் இடம்பெற்று, 1952-இல் தேசிய நூல் விருதையும் பெற்றது. அந்த வெற்றியின் சூட்டோடு நூலின் திரைப்பட உரிமையை ஆர்.கே.ஓ. நிறுவனம் வாங்கியது, படத்தை எழுதித் தயாரிக்கும் பொறுப்பு இர்வின் ஆலனிடம் வந்தது. பிற்காலத்தில் ‘தி பொசைடன் அட்வென்ச்சர்’, ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’ போன்ற பேரழிவுப் படங்களுக்காக அறியப்பட்டவர் இவரே என்பதை நினைவில் கொண்டால், அடுத்து நடந்தது வியப்பளிக்காது.

ஆலன் பல அறிவியல் நிறுவனங்களிடமிருந்து திரட்டிய காட்சிகளை வெட்டி இணைத்துப் படத்தை உருவாக்கினார். இவ்வாறு வேறு நோக்கத்துக்காக முன்பே எடுக்கப்பட்டு, தேவைப்படுவோர் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் படச்சுருள்களைக் கையிருப்புக் காட்சிகள் என்று சொல்லலாம். அவற்றின் சிக்கல் என்னவென்றால், காட்சி முதலில் வந்துவிடுகிறது, சொல் அதன் பின்னால் ஓடுகிறது. சுறாவும் எண்காலியும் மோதும் காட்சி கையில் இருந்தால், மோதலைப் பெரிதாக்கும் வசனம் தானாகவே எழுதப்பட்டுவிடுகிறது. திரைக்கதையைப் படித்த கார்சன் அதிர்ச்சி அடைந்தார். கடலைப் பற்றிய பழைய பிழையான கருத்துகளும், கடல் உயிர்களுக்கு மனிதக் குணங்களைச் சூட்டும் மலிவான நகைச்சுவையும் தம் நூலின் பெயரில் திரைக்கு வருவதை அவரால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஒப்பந்தம் திரைக்கதையைப் பார்வையிடும் வாய்ப்பை மட்டுமே அவருக்குத் தந்திருந்தது. அதை மாற்றும் அதிகாரத்தைத் தரவில்லை. படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதை 1953-இல் பெற்றது. கார்சன் அதற்குப் பிறகு தம் நூல்கள் எவற்றின் திரைப்பட உரிமையையும் விற்கவில்லை.

விருது பெற்ற ஒரு படம் அதன் மூலநூலாசிரியரால் நிராகரிக்கப்பட்ட இந்த நிகழ்வு, ஆவணப்படக் கலை குறித்த ஓர் அடிப்படைச் செய்தியைச் சொல்கிறது. நூலில் உள்ள தகவல்கள் திரைக்கு வந்துவிட்டால் நூலே வந்துவிட்டது என்று பொருளாகாது. கார்சனின் கடலில் மனிதன் மிகச் சிறியவன். காலம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக விரிவது. வாசகருக்குள் எழும் பணிவுதான் அந்த எழுத்தின் விளைவு. ஆலனின் கடலோ மனிதரை மகிழ்விக்கும் வேடிக்கைக் கூடம். பொருள் ஒன்று, பார்வை வேறு. இயற்கை எழுத்தாளர் விட்டுச்செல்வது பொருளை அன்று, பார்வையை என்பதால், இழப்பு முழுமையாகவே நேர்ந்தது.

வரவேற்பறைக்கு வந்த முகம்

1962 செப்டம்பரில் கார்சனின் ‘சைலண்ட் ஸ்பிரிங்’ நூல் வெளிவந்தது. மௌன வசந்தம் என்று பொருள்படும் அந்தத் தலைப்பு, டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் வரைமுறையின்றித் தெளிக்கப்படுவதால் பறவைகள் அழிந்து, பாட்டொலி இல்லாத வசந்தம் வந்துவிடக்கூடும் என்னும் எச்சரிக்கையைச் சுமந்திருந்தது. வேதிப்பொருள் தொழில்துறை அவரைக் கடுமையாக எதிர்த்தது. உணர்ச்சிவசப்பட்ட பெண் என்றும், அறிவியலுக்கு எதிரானவர் என்றும் அவரைச் சித்திரிக்க முயன்றது. இந்தச் சூழலில் சி.பி.எஸ். தொலைக்காட்சி, தயாரிப்பாளர் ஜே மக்மல்லன் உருவாக்கிய ‘தி சைலண்ட் ஸ்பிரிங் ஆஃப் ரேச்சல் கார்சன்’ என்னும் நிகழ்ச்சியை 1963 ஏப்ரல் 3 அன்று ஒளிபரப்பியது. ஒளிபரப்புக்கு முன்பே ஐந்து விளம்பரதாரர்களில் மூவர் விலகிக்கொண்டனர்; ஆயினும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதைப் பார்த்ததாக மதிப்பிடப்படுகிறது.

அந்த நிகழ்ச்சியின் வலிமை அதன் எளிய அமைப்பில் இருந்தது. ஒரு பக்கம் தம் வீட்டு அறையில் அமர்ந்து, குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானித்துப் பேசும் கார்சன்; மறுபக்கம் வெள்ளை ஆய்வகக் கோட்டு அணிந்து, அவர் கூறுவதை நம்பினால் மனித இனம் பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் இரையாகிவிடும் என்று உரத்த குரலில் எச்சரிக்கும் தொழில்துறை அறிவியலாளர் ராபர்ட் வைட்-ஸ்டீவன்ஸ். இருவரில் உணர்ச்சிவசப்பட்டவர் யார் என்பதை எந்தப் பின்னணி உரையும் சொல்லவில்லை, படத்தொகுப்பே சொல்லிவிட்டது. படத்தொகுப்பு என்பது எடுத்த காட்சிகளைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் வேலை. இரண்டு உண்மைக் காட்சிகளை அருகருகே வைக்கும்போது அவை தனித்தனியே சொல்லாத மூன்றாவது பொருள் ஒன்று பார்வையாளரின் மனத்தில் பிறப்பதை இந்த நிகழ்ச்சியைப் போலத் தெளிவாகக் காட்டிய சான்றுகள் குறைவு.

அந்த அமைதியான முகத்துக்குப் பின்னால் பார்வையாளர் அறியாத ஒன்று இருந்தது. 1960-ஆம் ஆண்டிலேயே மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட கார்சன், நூலில் உள்ள வாதங்கள் தம் சொந்த நோயின் எதிரொலி என்று எதிராளிகள் திரித்துவிடக் கூடாது என்பதற்காக அதைப் பொதுவெளியில் மறைத்தே வைத்திருந்தார். 1963 மே மாதம் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசனைக் குழு பூச்சிக்கொல்லிகள் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. ஜூன் 4 அன்று கார்சன் செனட் துணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 1964 ஏப்ரல் 14 அன்று தம் 56-ஆம் வயதில் மறைந்தார். 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்தது. பின்னாளில் அவரைப் பற்றிப் படம் எடுத்த ஒவ்வொருவருக்கும் மக்மல்லனின் காட்சிகளே முதன்மையான காட்சி ஆவணமாக அமைந்தன. அன்று அது செய்தி, இன்று அது மரபு.

கடிதங்களும் ஒரு கடற்கரை வீடும்

எழுத்தாளர் மறைந்த பின் படம் எடுப்பவர், அவர் இல்லாத இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்னும் கேள்வியைச் சந்திக்கிறார். கார்சன் விஷயத்தில் இதற்கு இரண்டு விடைகள் முயன்று பார்க்கப்பட்டன. நடிகை கையூலானி லீ, கார்சனின் எழுத்துகளையும் கடிதங்களையும் அடிப்படையாகக் கொண்டு தாம் எழுதிப் பல்லாண்டு காலம் மேடையில் தனியாக நடித்துவந்த நாடகத்தை, கிறிஸ்டோபர் மாங்கரின் இயக்கத்தில் ‘எ சென்ஸ் ஆஃப் வொண்டர்’ என்னும் படமாக 2008-இல் வெளியிட்டார். இருமுறை ஆஸ்கர் பெற்ற ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர் அதைப் படமாக்கினார். மேய்ன் மாநிலக் கடலோரத்தில் கார்சன் கோடைகளைக் கழித்த அதே வீட்டில் படப்பிடிப்பு நடந்தது. நடிகை ஒருவர் கார்சனாகத் தோன்றுவதால் இதைக் கறாரான பொருளில் ஆவணப்படம் என்று சொல்ல இயலாது. ஆனால் சுவரும் ஜன்னலும் அதற்கு வெளியே உள்ள அலையும் உண்மையானவை. முகம் பொய், இடம் மெய் என்னும் இந்த ஏற்பாடு ஒருவகையில் நேர்மையானது, ஏனெனில் எது நடிப்பு எது சான்று என்பதில் பார்வையாளருக்குக் குழப்பமே வருவதில்லை.

மிஷெல் ஃபெராரி இயக்கி, பி.பி.எஸ். தொலைக்காட்சியின் ‘அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்’ வரிசையில் 2017 ஜனவரியில் ஒளிபரப்பான ‘ரேச்சல் கார்சன்’ மற்றொரு வழியைத் தேர்ந்தது. பழைய காட்சிகள், புகைப்படங்கள், வரலாற்றாசிரியர்களின் நேர்காணல்கள் ஆகியவற்றோடு, கார்சனின் சொற்களை நடிகை மேரி-லூயிஸ் பார்க்கரின் குரலில் ஒலிக்கச் செய்தது. இவ்வகைப் படத்தின் உயிர்நாடி கடிதங்களே. கார்சன் தம் அண்டை வீட்டாராக அறிமுகமாகி நெருங்கிய தோழியான டோரதி ஃப்ரீமனுக்கு 1952 முதல் இறுதிவரை எழுதியவையும் அவரிடமிருந்து பெற்றவையும் 1995-இல் நூலாக வெளியாகியிருந்தன. நூலுக்காகத் திருத்தித் திருத்தி எழுதிய வரிகளில் தெரியாத களைப்பும் அச்சமும் கடிதங்களில் தெரிகின்றன. திரைக்குக் கடிதம் ஏற்றது என்பதற்கு அதுவே காரணம். ஆயினும், தோழியர் இருவரும் தம் கடிதங்களில் சிலவற்றைத் தாமே அழித்திருந்தனர் என்னும் செய்தி, எஞ்சியவற்றைக் கையாளும் இயக்குநரிடம் ஒரு தயக்கத்தை எதிர்பார்க்கிறது. பிறர் பார்வைக்கு வேண்டாம் என்று ஒருவர் எண்ணியதன் எல்லை எங்கே என்பது சட்டம் முடிவுசெய்யும் விஷயம் அன்று.

மண்ணை நோக்கித் திரும்பிய படக்கருவி

ஆல்டோ லியோபோல்டைப் பற்றி 2011-இல் வெளிவந்த ‘கிரீன் ஃபயர்’ இந்தத் தொடரில் வேறொரு திசையைக் காட்டுகிறது. 1887-இல் அயோவா மாநிலத்தில் பிறந்து, 1909-இல் யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பட்டம் பெற்ற லியோபோல்ட், அமெரிக்க வனத்துறையில் சேர்ந்து தென்மேற்கு மலைக்காடுகளில் பணியாற்றினார். 1924-இல் நியூ மெக்சிகோவின் கீலா பகுதி சாலையும் கட்டடமும் நுழையாத வனாந்தரப் பரப்பாக அறிவிக்கப்பட்டதற்கு அவருடைய முயற்சியே காரணம். 1933 முதல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் காட்டுயிர் மேலாண்மை கற்பித்தார். 1935-இல் விஸ்கான்சின் ஆற்றோரத்தில், உழுது உழுது சத்திழந்து கைவிடப்பட்ட ஒரு பண்ணையை வாங்கி, அங்கே எஞ்சியிருந்த கோழிக்கொட்டகையைக் குடிலாக மாற்றி, மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் வார இறுதிகளில் மரக்கன்றுகள் நட்டார். 1936-இன் வறட்சியில் முதற்கன்றுகள் ஏறக்குறைய முழுவதும் கருகின. குடும்பம் மறுபடியும் நட்டது. அந்த நிலத்தின் அனுபவத்திலிருந்து பிறந்த ‘எ சாண்ட் கவுண்டி அல்மனாக்’ நூலை ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் ஏற்றுக்கொண்ட செய்தி 1948 ஏப்ரல் 14 அன்று வந்தது. ஒரு வாரம் கழித்து, பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல்தீயை அணைக்கச் சென்ற இடத்தில் மாரடைப்பால் அவர் இறந்தார். நூல் 1949-இல் வெளிவந்தது.

மண், நீர், தாவரம், விலங்கு ஆகிய அனைத்தும் மனிதரோடு சேர்ந்து ஒரே சமூகம் என்றும், அந்தச் சமூகத்தின்மீது மனிதருக்கு உடைமையுரிமையைவிடக் கடமையே முதன்மையானது என்றும் அந்நூல் வாதிடுகிறது. லியோபோல்ட் இதற்கு இட்ட பெயரை நில அறம் என்று தமிழில் சொல்லலாம். ஓர் அறக்கோட்பாட்டைப் படம் பிடிப்பது எப்படி என்னும் கேள்விதான் ‘கிரீன் ஃபயர்’ குழுவின் முன் நின்றது. ஸ்டீவ் டன்ஸ்கி, ஆன் டன்ஸ்கி, டேவ் ஸ்டைன்கி ஆகிய மூன்று இயக்குநர்களும் ஏற்கெனவே அமெரிக்க வனத்துறையின் நூறாண்டு வரலாற்றைப் படமாக்கியவர்கள். அவர்கள் லியோபோல்டாக நடிக்க எவரையும் தேடவில்லை. அவருடைய எழுத்துக்குப் பீட்டர் கோயோட் குரல் கொடுத்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய கர்ட் மைன் படம் முழுவதும் வழிகாட்டியாக இடம்விட்டு இடம் பயணம் செய்தார். அந்தப் பயணத்தில் எதிர்ப்படுபவர்கள் அரிசோனா, நியூ மெக்சிகோ மேய்ச்சல் நிலங்களை அண்டை அயலாரோடு சேர்ந்து பேணும் பண்ணைக்காரர்கள், அழிவின் விளிம்பிலிருந்து விலங்குகளை மீட்கும் உயிரியலாளர்கள், சிகாகோ நகரத்தில் செடி நடக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள். எழுத்தாளரின் மரபைக் காட்ட, அவரை ஒருபோதும் பார்த்திராதவர்களின் கைகளைக் காட்டுவது என்னும் இந்த முடிவே படத்தின் சிறப்பு.

ஒரு பாறை விளிம்பு

படத்தின் தலைப்பு லியோபோல்டின் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றிலிருந்து வந்தது. இளைஞராக இருந்தபோது, தோழர்களோடு ஓர் உயரமான பாறை விளிம்பில் அமர்ந்து உணவருந்திக்கொண்டிருக்கையில், கீழே ஆற்றைக் கடந்து வந்த தாய் ஓநாயையும் குட்டிகளையும் நோக்கிச் சுட்டதையும், இறங்கிச் சென்று பார்த்தபோது அந்தக் கிழ ஓநாயின் கண்களில் ஒரு பச்சை நெருப்பு அணைந்துகொண்டிருந்ததைக் கண்டதையும் அதில் அவர் எழுதியிருந்தார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டை செழிக்கும் என்பது அக்கால வனத்துறையின் நம்பிக்கை. லியோபோல்டும் 1920-ஆம் ஆண்டளவில் கடைசி ஓநாய்வரை ஒழிக்க வேண்டும் என்றே பேசியவர். வேட்டையாடும் விலங்கு இல்லாத மலையில் மான்கள் பெருகிச் செடிகொடிகளை மொட்டையடித்து, பின் தாமும் பட்டினியால் சாகின்றன என்பதை அவர் உணரப் பல ஆண்டுகள் ஆயின. ஓநாய் ஒழிப்பில் தம் பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவருடைய முன்னாள் மாணவர் ஆல்பர்ட் ஹோக்பாம் வற்புறுத்திய பிறகே, 1944-இல், சுட்டு 35 ஆண்டுகள் கழித்து, அந்தக் கட்டுரை எழுதப்பட்டது.

அந்த நிகழ்வு உண்மையில் நடந்ததா, அல்லது பல நினைவுகளைச் சேர்த்துப் பின்னாளில் புனையப்பட்ட உருவகமா என்னும் ஐயம் ஆய்வாளரிடையே இருந்தது. நூல் வாசகருக்கு இது பெரிய கேள்வி அன்று. கட்டுரையின் உண்மை அதன் மனமாற்றத்தில் இருக்கிறது. ஆனால் படக்கருவிக்கு நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும். எந்தப் பாறை என்று தெரியாமல் ஏதோ ஒரு பாறையைக் காட்டி, அதன்மேல் அந்த வரிகளை ஒலிக்கவிட்டால், அது பார்வையாளருக்குச் செய்யும் சிறிய ஏமாற்று. லியோபோல்ட் 1909 செப்டம்பரில், அன்று மாநிலத் தகுதி பெறாத அரிசோனாவின் அப்பாச்சி வனத்தில் மரக்கணக்கெடுப்புப் பணியில் இருந்தபோது தம் தாய்க்கு எழுதிய கடிதம் ஒன்றில், இரண்டு ஓநாய்களைக் கொன்ற செய்தி போகிற போக்கில் இடம்பெற்றிருந்தது. அந்தக் கடிதத்தையும் கணக்கெடுப்புக் குழு சென்ற வழியையும் நிலத்தின் அமைப்பையும் பொருத்திப் பார்த்த அறிஞர்களும் வனத்துறையினரும், பிளாக் ஆற்றை நோக்கியிருக்கும் ஒரு பாறை விளிம்பை அந்த இடமாக அடையாளம் கண்டனர். ‘கிரீன் ஃபயர்’ தயாரிப்போடு பின்னிப்பிணைந்து நடந்த இந்தத் தேடலைப் பற்றி லியோபோல்ட் ஆய்வாளரான சூசன் ஃப்ளேடர் பின்னர் விரிவாக எழுதினார்.

22 வயது இளைஞரின் கடிதத்தில் ஓநாயின் சாவு ஒரு வரிச் செய்தி; 57 வயது ஆசிரியரின் கட்டுரையில் அது வாழ்க்கையைத் திருப்பிய கணம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தொலைவுதான் லியோபோல்டின் உண்மையான வரலாறு. அந்தத் தொலைவுக்கு நிலமே ஒரு பின்னுரையும் எழுதியிருக்கிறது. 1970-களுக்குள் அமெரிக்க மண்ணிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டுவிட்ட மெக்சிகோ ஓநாய் இனம், ஏழே விலங்குகளின் வழியாகக் கூண்டுகளில் பெருக்கப்பட்டு, 1998-இல் 11 ஓநாய்களாக அதே அப்பாச்சி வனத்தில் மீண்டும் விடப்பட்டது. சுட்டவர் நின்ற மலைக்கே சுடப்பட்ட இனம் திரும்பிவந்ததைக் காட்டும்போது, படத்துக்கு அதற்கு மேல் விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

அலுவலக அறையில் நடக்கும் பாதி வேலை

இத்தகைய படங்களின் உழைப்பில் பெரும்பகுதி காட்டில் நடப்பதில்லை. முதலில் வருவது உரிமை. அமெரிக்காவில் 1978-க்கு முன் வெளியாகி, பதிப்புரிமை முறையாகப் புதுப்பிக்கப்பட்ட நூலுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் சட்டப் பாதுகாப்பு உண்டு. ‘எ சாண்ட் கவுண்டி அல்மனாக்’ நூலும் ‘சைலண்ட் ஸ்பிரிங்’ நூலும் இன்னும் அந்த வரம்புக்குள்ளேயே இருக்கின்றன. எனவே பின்னணியில் வாசிக்கப்படும் பத்திகளுக்கும், கடிதங்களுக்கும், குடும்பப் புகைப்படங்களுக்கும், பழைய தொலைக்காட்சிக் காட்சிகளுக்கும் தனித்தனியே அனுமதி பெற வேண்டியிருக்கும். அடுத்து ஆவணக் காப்பகம். கார்சனின் தாள்கள் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் உள்ளன. லியோபோல்டின் தாள்களில் 80,000-க்கும் மேற்பட்ட பக்கங்களை விஸ்கான்சின் பல்கலைக்கழகம் எண்மியப்படுத்தி எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மூன்றாவதாக வருவது பருவம். லியோபோல்டின் குடிலருகே பெருங்கொக்குகள் கூட்டமாக இறங்குவது இலையுதிர் காலத்தில். அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் படக்குழு ஓராண்டு காத்திருக்க வேண்டும், ஆகவே இவ்வகைப் படங்களின் காலக்கணக்கு நடிகரின் தேதியை அன்றி, பறவையின் தேதியையே சார்ந்திருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் படத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது. ‘கிரீன் ஃபயர்’ படத்தைத் தயாரித்தவற்றுள் ஒன்று லியோபோல்டின் பிள்ளைகள் 1982-இல் நிறுவிய ஆல்டோ லியோபோல்ட் அறக்கட்டளை. மற்றொன்று அவர் பணியாற்றிய அதே வனத்துறை. இதனால் குடும்பத்தின் நினைவுகளும் காப்பகமும் படக்குழுவுக்கு எளிதில் திறந்தன. அதே காரணத்தால், படம் கேள்வி கேட்பதைவிடப் போற்றுவதில் அதிகம் சாய்கிறது என்று ஒருவர் கருதினால் அதை மறுப்பதும் கடினம். லியோபோல்டின் பழைய ஓநாய்க் கொள்கையைப் படம் மறைக்கவில்லை, ஏனெனில் அவரே அதை மறைக்கவில்லை. ஆனால் வனாந்தரம் என்று அவர் காக்க முயன்ற பரப்புகளில் நெடுங்காலம் வாழ்ந்த பூர்வகுடி மக்களுக்கு அவருடைய எழுத்தில் உள்ள இடம் மிகச் சிறிது என்பது போன்ற விமர்சனங்கள், எழுத்தாளரின் வாரிசுகள் எடுக்கும் படத்தில் மையத்துக்கு வருவது அரிது. கார்சனின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அவர் எல்லாப் பூச்சிக்கொல்லிகளையும் ஒழிக்கச் சொல்லாதபோதும், டி.டி.டி. தடையால் நேர்ந்ததாகச் சொல்லப்படும் மலேரியா மரணங்களுக்கு அவரே பொறுப்பு என்னும் பழி பிற்காலத்தில் சுமத்தப்பட்டதால், அவரைப் பற்றிப் படம் எடுப்பவர் அந்தப் பழியையும் எடைபோட்டே ஆக வேண்டியவராகிறார்.

நிலம் வைத்திருக்கும் சாட்சியம்

லியோபோல்ட் தம் குடிலைச் சுற்றி எந்தப் பூ எந்த நாளில் மலர்ந்தது, எந்தப் பறவை எந்த நாளில் வந்திறங்கியது என்று ஆண்டுதோறும் குறித்துவைத்தார். பருவத்தோடு உயிர்கள் கொள்ளும் இந்த நாள்கணக்கைப் பதியும் துறை பருவநிகழ்வியல் எனப்படும். அவருடைய மகள் நீனா 1970-களில் அதே இடத்தில் அந்தப் பதிவைத் தொடர்ந்தார். இரண்டு தலைமுறைக் குறிப்பேடுகளையும் ஒப்பிட்டு 1999-இல் வெளியான ஆய்வு, பல வசந்தகால நிகழ்வுகள் முன்பைவிடச் சீக்கிரமாக நிகழத் தொடங்கிவிட்டதைக் காட்டியது. தந்தை காலநிலை மாற்றத்தை அறியாமல் எழுதிய குறிப்பு, மகளின் காலத்தில் அதற்கான சான்றாக மாறியது. பெருங்கொக்குகளின் கதையோ எதிர்த்திசையில் செல்வது. 1930-களில் விஸ்கான்சினில் ஏறக்குறைய 25 இணைகளாகக் குறைந்துவிட்ட சாண்ட்ஹில் பெருங்கொக்குகளின் முடிவை எதிர்பார்த்து லியோபோல்ட் ஓர் இரங்கற்கட்டுரையே எழுதினார். இன்று இலையுதிர் காலத்தில் அவருடைய குடிலை ஒட்டிய ஆற்று மணல்திட்டுகளில் அவை ஆயிரக்கணக்கில் வந்திறங்குகின்றன. எழுத்தாளரின் அச்சம் பொய்த்துப்போனதற்கு அவருடைய எழுத்தும் ஒரு காரணம் என்பது, நூலில் எங்கும் அச்சாக முடியாத, நிலத்தில் மட்டுமே காட்டக்கூடிய செய்தி.

‘கிரீன் ஃபயர்’ வெளியான மறு ஆண்டில் நடந்த ஒரு முயற்சி இந்தத் திசையில் இன்னும் ஓரடி முன்சென்றது. 1940-ஆம் ஆண்டுக் கோடையில் லியோபோல்ட் விடியலுக்கு முன்பே குடில் வாசலில் அமர்ந்து, எந்தப் பறவை எத்தனை மணிக்கு முதல் குரல் கொடுத்தது என்று குறித்துவைத்திருந்தார். அந்த விடியலின் ஒலிப்பதிவு எதுவும் இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் காட்டுயிர் அறிஞர் ஸ்டான் டெம்பிளும் ஒலிச்சூழல் ஆய்வாளர் கிறிஸ் போகாஸ்டும், அந்தக் குறிப்புகளையும் காப்பகத்தில் உள்ள பறவைக் குரல்களையும் கொண்டு, ஏறக்குறைய அரைமணி நேரக் காலைப்பொழுதைச் சில நிமிடங்களாகச் சுருக்கி, 2012-இல் மீட்டுருவாக்கினர். ஒரு முகமும் இல்லாமல், ஒரு வரியும் வாசிக்கப்படாமல், எழுத்தாளர் கேட்டதைக் கேட்பவருக்குக் கேட்கச் செய்த அந்தச் சில நிமிடங்களை, படம் இல்லாத ஆவணப்படம் என்று சொன்னால் மிகையாகாது.

அதே வாசலில் இன்று ஒலிவாங்கியை வைத்தால் பறவைக் குரல்களோடு சேர்ந்து, ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் ஓடும் நெடுஞ்சாலையின் இரைச்சலும் பதிவாகிறது. 1940-இல் பாடிய பறவைகளின் பட்டியலும் இன்றைய பட்டியலும் ஒன்றாக இல்லை. அங்கே படம் எடுக்கும் எந்தக் குழுவின் படத்தொகுப்பாளருக்கும் அந்த இரைச்சலை நீக்கிவிடும் கருவி கையில் இருக்கிறது. நீக்கினால் விடியல் அழகாகும், பழைய நூலின் வரிகளுக்கும் பொருந்திப்போகும். லியோபோல்ட் காதில் விழுந்ததை அப்படியே நேரத்தோடு குறித்துவைத்தவர். அவருடைய வழியைப் பின்பற்றும் தொகுப்பாளர், அந்த லாரிகளின் ஓசையையும் ஒலித்தடத்தில் விட்டுவைப்பார்.